அண்ணன் ஊற்றிய டீசல்

என் அக்கா உமாராணியின் கணவர் மாடக்கண்ணுவுக்கு நாற்பத்தைந்து வயது. புதூர்ப் பக்கம் ஓர் ஊர். அதன் பெயரை எழுதப்போவதில்லை. ஏழு ஏக்கர் கரிசல் நிலமும் ஒரு டீசல் பிக்கப் வண்டியும் அவருடைய சொத்து. மழை பெய்தால் நிலம் உளுந்தும் மக்காச்சோளமும் கொடுக்கும். பெய்யாத வருஷம் வண்டிதான் சோறு போடும். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஆடு ஏற்றுவார். மற்ற நாட்களில் குளத்தூரிலிருந்து உப்பு மூட்டை, புதியம்புத்தூரிலிருந்து தைத்து முடித்த துணிப் பொதி.

ஆறு வருஷம் வெளிதேசங்களில் வேலை பார்த்தும் சும்மா சுற்றியும் திரிந்துவிட்டு, போன ஆனி மாதம் நான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரே வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் உட்கார எனக்கு ஆகாது. அத்தான் வண்டியை எடுத்தால் நானும் ஏறிக்கொள்வேன். அப்படித்தான் இதையெல்லாம் பார்க்க வாய்த்தது.

அத்தானுக்கு "வேண்டாம்" என்ற சொல் வாயில் வராது. ஒரே காலையில் மூன்று வீட்டில் காப்பி கொடுத்தால் மூன்றையும் குடித்துவிட்டு, நெஞ்சு எரிகிறது என்று வந்து படுப்பார். வண்டியில் இடம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், பின்னால் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே "ஏறுங்க" என்று சொல்லிவிடுவார். அக்கா இதை வைத்து அவரைக் கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொள்வார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிப்போகிற வண்டிக்கு வாடகை கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. நோயாளியை ஏற்றிக் காசு வாங்குவது கேவலம். அதற்குப் பதிலாக, இரண்டொரு நாள் கழித்து அந்த வீட்டுக்காரர் ஒரு கேன் டீசலோடு வந்து வண்டியின் டேங்கில் தன் கையாலேயே ஊற்றிவிட்டுப் போவார். மாட்டுவண்டி இருந்த காலத்தில் இதே கணக்கில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்தார்களாம். டிராக்டர் வைத்திருக்கிற வீடுகளில் டீசலை டிரம்மில் வாங்கி வைத்திருப்பார்கள். கேன் அந்த டிரம்மிலிருந்து வரும்.

அத்தானுக்கு ஒரே ஓர் அண்ணன், சோலைமுத்து. இருவருடைய நிலமும் பக்கத்துப் பக்கத்தில். எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஜே.சி.பி. வைத்து வரப்பை வெட்டியபோது ஒரு முழம் தம்பி பக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். நாலு வீடு தள்ளிக் குடியிருந்துகொண்டு எட்டு வருஷம் முகம் பார்க்கவில்லை. அண்ணன் மகள் பிரித்திகா பெரியவளானபோது கூட இந்த வீட்டுக்குச் சொல்லி விடவில்லை. அத்தான் அன்று முழுவதும் காட்டிலேயே இருந்தாராம்.

நான் வருவதற்கு முந்தின பங்குனியில் அதே பிரித்திகாவுக்குக் காய்ச்சல் முற்றி மூக்கில் இரத்தம் வந்தது. யாரும் வந்து கூப்பிடவில்லை. தெருவில் அழுகைச் சத்தம் கேட்டு அத்தான் தானாகவே வண்டியைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தினார். பெண் ஏழு நாள் கோவில்பட்டியில் கிடந்து பிழைத்தாள். அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் சோலைமுத்து பத்து லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வண்டியின் பக்கத்தில் நின்றார்.

"ஏலே, மூடியத் தொற."

எட்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் பேசிய முதல் பேச்சு இது. அத்தான் மூடியைத் திறந்தார். அக்கா இதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

அதோடு சோலைமுத்து நிறுத்தவில்லை. மற்றவர்கள் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு மட்டும் ஊற்றுவார்கள். இவர் பத்து நாளைக்கு ஒரு தடவை, ஒரு காரணமும் இல்லாமல், கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஊற்றுகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். என்னைப் பார்த்தால், "சீமைக்காரி, ஒங்க ஊர்லயெல்லாம் அண்ணன் தம்பிக்கு டீசல் ஊத்துவானா?" என்று கேட்பார்.

"அங்க அவங்கவங்க டீசல அவங்கவங்கதான் ஊத்திக்கிடணும், பெரியத்தான்."

"அப்பொ அது என்ன ஊரு? அங்கன போயி ஆறு வருஷத்தக் கழிச்சிட்டு வந்திருக்கியே."

நான் வருவதற்கு முன்பே, வைகாசியில் வண்டி முதல்முறை மக்கர் செய்தது. காலையில் சாவியைத் திருகினால் உடனே பிடிக்காது. பிடித்தாலும் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம், பின்னால் வெள்ளைப் புகை. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் உள்ள மெக்கானிக், இன்ஜெக்டர் ஒன்று போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தான். இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற குழல்தான் இன்ஜெக்டர். அந்த வண்டிக்கு நாலு உண்டு. ஆடியில் இரண்டாவது போனது. அப்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. "சும்மா எரியுது அண்ணாச்சி, கண்ண உறுத்தும்" என்று அவன் அதன் வயரை வெட்டிவிட்டான். ஆவணிக் கடைசியில் ஆடுகளோடு சந்தைக்குப் போகும் வழியில் மூன்றாவது போனது. முப்பது ஆட்டையும் இறக்கி நடத்தியே ஓட்டிப்போனோம்.

அந்தத் தடவை விலக்கு மெக்கானிக்கிடம் போகாமல் வண்டியைக் கோவில்பட்டிக்குக் கட்டி இழுத்துப் போனோம். அங்கே பெருமாள்சாமி என்பவர் இன்ஜெக்டர் வேலை மட்டும் பார்க்கிற கடை வைத்திருக்கிறார். அவர் முதலில் இன்ஜெக்டரைத் தொடவே இல்லை. டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதில் இருந்ததை ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேசையில் வைத்தார். "டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது பாட்டிலில் இரண்டு அடுக்காகத் தெரிந்தது. மேலே மஞ்சளாக டீசல். கீழே மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதற்கும் அடியில் செங்கல் பொடி மாதிரித் துரு.

"எந்த பங்க்ல அடிக்கீங்க?"

அத்தான் சொன்னார்.

"அங்கனதான் நானும் அடிக்கேன். இது பங்க் டீசல் இல்ல. டிரம்முல கெடந்தது. யாரு ஊத்துதா?"

அத்தான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரம்ம வெட்டவெளியில நிமித்தி வச்சிருப்பாங்க. மேல நிக்க மழத்தண்ணி மூடி வழியா உள்ள எறங்கும். பாதி காலியான டிரம்முன்னா உள்ளயே வேர்க்கும். டிராக்டரு எதக் குடுத்தாலும் தின்னுட்டு ஓடும். இது அப்படி இல்ல." ஓர் இன்ஜெக்டரை எடுத்து முனையைக் காட்டினார். "இதுல ஓட்டை தெரியுதா?"

"தெரியலையே."

"தெரியாது. அது வழியாத்தான் டீசல் போவுது. தண்ணி போனா சூட்டுல முனை தெறிச்சிரும். மஞ்ச லைட்டு எரியலையா?"

"எரிஞ்சுது. வயர வெட்டியாச்சு."

"நல்ல மெக்கானிக்கு. காய்ச்சல் அடிக்குன்னு தெர்மாமீட்டர ஒடச்சிருக்கான்." பெருமாள்சாமி இன்ஜெக்டரை மாற்றி, வயரையும் ஒட்டிக் கொடுத்தார். "ஊத்துத ஆள நிப்பாட்டுங்க. இல்ல, வருஷத்துக்கு மூணு மாத்துனா எனக்கு நல்லதுதான், எம் மவ கல்யாணத்த உங்க வண்டியிலயே முடிச்சிருவேன். ஆனா ஒண்ணு, எந்த எடத்துல நிக்கும்னு சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா சாதாரணமாகச் சொன்னாள். "உங்க அண்ணங்கிட்டச் சொல்லிர வேண்டியதுதான, டிரம்முல தண்ணி கெடக்குன்னு."

"என்னன்னு சொல்ல? ஒன் டீசல் எனக்கு ஆவாதுன்னா?"

"ஆவாதுன்னு ஏன் சொல்லுதீங்க? டிரம்மக் கழுவிக் கவுத்தச் சொல்லுங்க."

"எட்டு வருஷம் கழிச்சு ஒரு மனுசன் தோள்ல சொமந்துட்டு வாராரு. அதுல அழுக்கு இருக்குன்னு நாஞ் சொல்லணும். நல்லா இருக்கும்."

"நான் சொல்லுதேன் அத்தான்," என்றேன்.

"நீ நாளைக்கே வேற தேசத்துக்குக் கெளம்பிருவ. நான் இங்கன கெடக்கணும்."

அவர் வேறு வழி தேடினார். பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்று வாங்கிப் போட்டார். பூட்டிக் கிடந்தால் அண்ணன் திரும்பிப் போய்விடுவார் என்பது அவர் கணக்கு. மறுவாரம் சோலைமுத்து கேனோடு வந்து பூட்டைத் தடவிப் பார்த்தார்.

"எதுக்குலே பூட்டு?"

"டீசலத் திருடுதாங்கண்ணே."

"நம்ம ஊர்லயா? எந்தப் பய?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு, "சரி, நல்ல வேல பாத்த. நீ ஊர்ல இல்லாதப்ப நான் வந்தா என்ன செய்ய? எனக்கு ஒரு சாவி குடு," என்று கையை நீட்டினார்.

பூட்டோடு இரண்டு சாவி வந்திருந்தது. அத்தான் ஒன்றைக் கழற்றி அண்ணன் கையில் வைத்தார். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஃபில்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் தளர்த்தினால் தேங்கிய தண்ணீர் வடியும். பெருமாள்சாமி காட்டிக்கொடுத்திருந்தார். அதன்பிறகு அத்தான் தினமும் விடிந்ததும் ஒரு பழைய டம்ளரைப் பிடித்துத் தண்ணீரை வடித்து, அதை வேலிப் பக்கம் ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தால் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு வடிப்பார். வடித்துக்கொண்டே இருந்தால் வண்டியும் ஓடும், அண்ணனும் ஊற்றலாம் என்று நினைத்தார். ஐப்பசியில் மழை இறங்கியது. டம்ளர் சீக்கிரம் நிரம்பத் தொடங்கியது.

ஐப்பசி இருபதாம் தேதி வாக்கில் சோலைமுத்து காலை ஆறு மணிக்கு உளுந்துக் காட்டுக்குப் போனார். போன கொஞ்ச நேரத்திலேயே வரப்பில் சரிந்துவிட்டார். பின்னாலேயே போன அவர் மனைவி அமுதவள்ளி பார்த்தபோது வலது கை தொங்கிக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சேற்றில் வண்டி இறங்காது என்பதால் ஆட்கள் அவரைக் கட்டிலில் வைத்துத் தார்ச்சாலைக்குத் தூக்கி வரவே மணி ஏழரை ஆகிவிட்டது. அத்தான் வண்டியோடு நின்றார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று அவர் தண்ணீரை வடிக்கவில்லை. வடிக்கிற நேரமா அது?

பின்னால் நானும் அமுதவள்ளி மதினியும் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளை எல்லோரும் மதினி என்பதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே நேர் ரோடு. எட்டயபுரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கையில் அந்தச் சுத்தியல் சத்தம் தொடங்கியது. வண்டி இரண்டு தரம் உதறியது. புகை எங்கள் முகத்தில் வந்து அடித்தது. பிறகு நின்றுவிட்டது.

அத்தான் இறங்கி ஓடிவந்து அடியில் படுத்தார். திருகைத் தளர்த்தியதும் தண்ணீர் கொட்டியது. டம்ளரெல்லாம் போதாது, அவ்வளவு தண்ணீர். தார் மேல் ஓடி மதினி உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது. அத்தான் எழுந்து நின்று, தன் காலால் ஓரத்து மண்ணை இழுத்து அதன்மேல் போட்டு மூடினார். இரண்டு காலாலும் மாறி மாறி மூடினார். மதினி அவரைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"தம்பி! என்னன்னு பாருங்க தம்பி! என்ன செய்யுதீய அங்கன?"

"இந்தா மதினி. இந்தா ஆச்சு."

டீசலை ஏற்றுகிற கைப்பம்பை அடித்து அடித்துச் சாவியைத் திருகினார். பேட்டரி இறங்குகிற வரைக்கும் திருகினார். அந்நேரம் ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. அந்த ரோட்டில் வந்த மூன்று வண்டிகளும் எதிர்த்திசைக்குப் போகிறவை. கடைசியில் சோள மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரிக்காரர் பாதி மூட்டையை ரோட்டோரம் இறக்கிவைத்து இடம் கொடுத்தார். சோலைமுத்து மூட்டைகளின் மேல் படுத்தபடி கோவில்பட்டி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். படம் எடுத்துப் பார்த்து முடிக்க இன்னும் அரை மணி. மூளையில் அடைத்த இரத்தத்தைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம். விழுந்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம்.

"கொஞ்சம் முன்னால கொண்டு வந்திருக்கலாமேம்மா," என்றார் டாக்டர். அவர் குற்றம் சொல்லவில்லை. இருந்தாலும் மதினி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

உயிர் இருந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுவதுபோல.

வண்டி மறுபடியும் பெருமாள்சாமி கடைக்குப் போனது. இந்தத் தடவை இரண்டு இன்ஜெக்டர். டேங்கையே இறக்கிக் கழுவினார். யாரை ஏற்றிப்போகும்போது நின்றது என்று கேட்டார், அத்தான் சொன்னார். அதற்குமேல் அவரிடமிருந்து கேலி எதுவும் வரவில்லை.

கார்த்திகையில் சோலைமுத்து ஆள் விட்டார், தம்பியைப் பார்க்க வேண்டும் என்று. நானும் அத்தானும் போனோம். முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். மதினி ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் உளுந்தில் விழுந்த மஞ்சள் நோயைப் பற்றியும் பேச்சு நடந்தது.

"ஏலே மாடக்கண்ணு," என்றார் சோலைமுத்து. "அன்னிக்கு வண்டிக்கு என்ன?"

"இன்ஜெக்டர் போயிட்டுண்ணே."

"அது தெரியும். ஏன் போச்சு? புதுசாத்தான மாத்துன?"

அத்தான் தரையைப் பார்த்தார். அவர் தலை நிமிராமலே பேசினார்.

"பைபாஸ்ல ஒரு லாரிக்காரன் கொறஞ்ச வெலைக்கு டீசல் வித்தான். வாங்கி வாங்கி அடிச்சேன். கலப்படம்ணே அது. தண்ணி."

சோலைமுத்து இடது கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"எத்தன நாளா?"

"சித்திரை மாசத்துல இருந்து."

"நாந்தான் ஊத்திட்டு இருந்தேன்லா," என்றார் சோலைமுத்து. கண்ணில் நீர் தேங்கியது. உடம்பு அப்படி ஆன பிறகு அவருக்கு எதற்கெடுத்தாலும் கண் நிறைந்துவிடும். "பத்தலையாலே?"

"பத்தல," என்றார் அத்தான்.

மதினி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"ரெண்டு காசு மிச்சம் பிடிக்க சாக்கடத் தண்ணிய வாங்கி ஊத்திருக்கீயளே தம்பி. அந்த வண்டியில இந்த மனுசன ஏத்துனீயளே. இவிய பத்து நாளைக்கு ஒருக்க தோள்ல சொமந்துட்டு வந்து ஊத்துனது உங்களுக்குக் காணலியா?" அவள் சத்தம் போடவே இல்லை. "எந்திரிங்க. போங்க."

"அமுதா, அவன விடு," என்றார் சோலைமுத்து.

"நீங்க பேசாம இருங்க. எந்திரிச்சுப் போங்க தம்பி. இந்தப் பக்கம் இனி வராதீய."

அத்தான் எழுந்தார். அண்ணனின் இடது கையைத் தொடப் போனவர், மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல?"

"உள்ளதச் சொல்ல வேண்டியதுதான?"

நாலு வீடு தள்ளித்தான் எங்கள் வீடு. வாசலுக்கு வந்தபிறகுதான் பதில் சொன்னார்.

"படுத்துக் கெடக்கவனுக்கு யோசிக்கதத் தவிர வேற என்ன வேல இருக்கு? இதையும் குடுத்து யோசிக்கச் சொல்லவா? ஊத்துனது அவரு. தெரிஞ்சும் சாவியக் குடுத்தது நாந்தான். எம்மேலயே கெடக்கட்டும்."

அந்தச் சோளக்காட்டு ரோட்டில் தண்ணீரை மூடியபோதே அவர் இதை முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் இன்றுவரை மதினியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சரிதானா என்பதும் எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஊரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். இந்த ஊரிலிருந்து இன்னும் கிளம்ப முடியவில்லை.

கலப்பட டீசல் பேச்சு இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. காசுக்கு ஆசைப்பட்டவன் வண்டியில் நாம் ஏன் ஊற்ற வேண்டும் என்று கேன்கள் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிக்கு இப்போது ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள், அல்லது புதூரிலிருந்து வண்டி வரவழைக்கிறார்கள். அத்தான் பங்கில் மட்டும்தான் டீசல் அடிக்கிறார். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் இன்ஜெக்டர் ஒன்றுகூடப் போகவில்லை. சாவியைத் திருகிய உடனே வண்டி பிடித்துக்கொள்கிறது. மஞ்சள் விளக்கு எரிவதில்லை.

திங்கள், வியாழன் காலைகளில் சோலைமுத்துவைக் கை கால் பயிற்சிக்குக் கோவில்பட்டி கூட்டிப்போகப் புதூர்க் கார் வரும். எங்கள் தெரு குறுகல். பிக்கப் வாசலில் நின்றால் கார் திரும்ப முடியாது. ஆகவே அந்த இரண்டு நாளும் அத்தான் எட்டு மணிக்கே வண்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தெருக்கோடி வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கார் வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போகும் வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.